டேஷ்போர்டில் எரிந்த விளக்கு

தினகரனின் காருக்கு ஜாதகம் உண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஷோரூமில் சாவி கைக்கு வந்த நிமிஷத்தைக் குறித்துக்கொண்டு போய், உத்திர நட்சத்திரம், கன்னி ராசி என்று கட்டம் போட்டு வாங்கி, ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருந்தார். அதற்கு அடியில், பிளாஸ்டிக் உறைகூடக் கிழிபடாமல் இன்னொரு புத்தகம் கிடந்தது. காரை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று காரைச் செய்தவர்களே எழுதிக் கொடுத்தது. அதை யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவும் வாய் திறக்கவில்லை.

தினகரன் திருவேற்காட்டில் சாமியானா, நாற்காலி, சமையல் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். ஐம்பத்தெட்டு வயது. அப்பா நாற்று நட்ட இடத்தில் இப்போது நாற்பது வீடுகள் முளைத்திருக்கின்றன. மிஞ்சிய ஓரத்தில் இவருடைய வீடும் குடோனும். வாசலில் அந்த வெள்ளைக் கார். பெயர் மகாலட்சுமி. செல்லமாக லட்சுமி.

லட்சுமிக்கு அவர் ஒரு குறையும் வைத்ததில்லை. வாரம் தவறாமல் வாட்டர் வாஷ். வெள்ளிக்கிழமை பானெட்டின் மேல் மூன்று பட்டை விபூதி, நடுவில் ஒரு ரூபாய் அளவுக்குக் குங்குமம். ஆயுத பூஜைக்குப் பூசணிக்காய், வாழைக்கன்று, நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம். ஸ்டெப்னி மனம் நோகக் கூடாதென்று அதற்கும் ஒன்று. திருஷ்டிக்கு முன்னால் மிளகாய்க் கொத்து, பின்னால் கறுப்புக் கயிறு. உள்ளே மல்லிகை வாசனைக்கு ஒரு புட்டி, மல்லிகை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தாழம்பூவில் ஒரு புட்டி.

செய்யாதது ஒன்றுதான். பானெட்டைத் திறந்ததில்லை. இலவசம் என்பதால் முதல் வருஷம் மூன்று சர்வீஸுக்கு விட்டார்; ஆயிலுக்கு மட்டும் காசு என்றதால் அதை மாற்ற விடவில்லை. நான்காவதற்குக் காசு என்றார்கள். லட்சுமி பூரண ஆரோக்கியத்தோடு இருக்கிறாள் என்று அன்றே முடிவு செய்துவிட்டார். நடுவில் பேட்டரி மாற்ற ஒருவன் வந்து திறந்தபோது, பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிற மாதிரி தெருமுனையில் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். ஆகவே அது திறந்ததில் சேராது.

“நல்லா கீற ஒடம்ப எவனாவது கிழிச்சிப் பாப்பானா?” என்பார்.

தெருவே தலையாட்டும். அந்தத் தெருவில் இருபத்திரண்டு கார்கள் நின்றன. இருபத்திரண்டு உரிமையாளர்களும் தங்கள் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கம்வரை ஒப்பிப்பார்கள். இன்ஜின் ஆயிலை எந்த வழியாக ஊற்றுவது என்று கேட்டால், பெட்ரோல் மூடியைக் காட்டாதவர் ஒருவர் இருந்தால் அவர் காலில் விழுந்து கும்பிடலாம். தினகரனோ சனிக்கிழமை தவறாமல் உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து அரைமணி நேரம் ஊறுகிறவர். உடம்பில் சூடு ஏறக் கூடாது பாருங்கள்.

ஆடி மாதம் முதல் வெள்ளிக்கிழமை அந்த அற்புதம் நடந்தது. பூந்தமல்லி மார்க்கெட்டில் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, மனைவி பூங்காவனத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார். சிக்னலில் வண்டி நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால், முள்ளும் எண்ணும் இருக்கிற இடத்தில், சின்னதாக ஒரு விளக்கு எரிந்தது. குங்குமச் சிவப்பு. நீண்ட மூக்கு, பின்னால் ஒரு கைப்பிடி, மூக்கின் நுனியில் கீழே விழப்போகிற ஒரு சொட்டு எண்ணெய். காமாட்சி விளக்கைப் பக்கவாட்டில் பார்த்து வரைந்த மாதிரியே இருந்தது.

“ஏங்க,” பூங்காவனம் விரலை நீட்டினாள். “நீங்க எதுனா அமுக்கினீங்களா?”

“நான் இன்னாத்த அமுக்குறேன்? தானா எரியுது.”

“ஆடி வெள்ளியும் அதுவுமா. செகப்பு வேற. அம்மாதாங்க.”

பச்சை விழுந்து, பின்னாலிருந்த ஷேர் வேன்காரன் ஹாரனிலேயே வைது தீர்க்கும்வரை இருவரும் கைகூப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துபோயிற்று. மறு வெள்ளிக்கிழமை பூங்காவனம் கதவைத் திறந்து வைத்து, சாவியைப் போட்டு, டேஷ்போர்டுக்குக் கற்பூரம் காட்டினாள். மூன்றாவது வெள்ளிக்கிழமை வரிசை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றது என்று அவள் சொன்னாள். பால்காரர் எண்ணியதில் ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் வாடகைக்கு அண்டா கேட்டு வந்தவர்கள்.

அன்றைக்குத்தான் இக்னேஷியஸ் வந்தார். வானகரத்தில் முப்பது வருஷமாக மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறவர். மகள் ரோஸி சர்ச்சில் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற புதுநன்மை விருந்து; ஐம்பது நாற்காலி வேண்டியிருந்தது.

“இன்னா அண்ணாத்தே, காருக்குள்ள யாராச்சும் செத்துப்பூட்டாங்களா? இம்மாங் கூட்டம் நிக்கிது?”

“வாயக் களுவு. அம்மா வெளக்கேத்திக்கினு கீறா. நீயும் பாத்துக்கோ, புண்ணியம்.”

இக்னேஷியஸ் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். வேற்று மதத்துக்காரருக்கும் மனம் உருகிவிட்டதென்று பூங்காவனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவர் சிலுவை போட்டது இன்ஜினுக்காக.

“அண்ணாத்தே, இது சாமி வெளக்கு இல்ல. ஆயில் வெளக்கு.”

“வெளக்குன்னா ஆயில்லதான்யா எரியும். தண்ணிலயா எரியும்?”

“ஐயோ நைனா! இன்ஜின்ல ஆயில் இல்லன்னாதான் இது எரியும்!”

தினகரன் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். சிரிப்பு வந்தது.

“கேட்டுக்கினீங்களா? எண்ணெ இல்லன்னா வெளக்கு எரியுமாம். யோவ், உங்க ஊட்ல மெழுகுவத்தி. எண்ணெ வெளக்கப் பத்தி உனுக்கு இன்னாய்யா தெரியும்? எண்ணெ தீந்தா திரி கருகி நின்னுபூடும். நிக்காம எரியுதா? அப்ப உள்ள எண்ணெ தளும்புதுன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாம நீ முப்பது வருசமா இன்னாத்த மெக்கானிக்கு?”

ஜாம் ஆன எத்தனையோ இன்ஜினைப் பிரித்துக் கோத்த மனிதர், இந்த நியாயத்தை எந்தப் பக்கம் ஸ்பேனர் போட்டுக் கழற்றுவது என்று தெரியாமல் நின்றார்.

“உன் மண்டைக்கு வாராவாரம் அரை லிட்டரு ஊத்திக்கிறியே அண்ணாத்தே. இதுக்கு எட்டு வருசத்துல ஒரு சொட்டு ஊத்தினியா?”

“எம் மண்ட காயுது, ஊத்துறேன். லட்சுமி குளுகுளுன்னு கீறா. நீ நாற்காலிய எண்ணி எடுத்துக்கினு கெளம்பு.”

இக்னேஷியஸ் போகும்போது கேட்டருகே தினகரனின் மகள் கிருஷ்ணப்பிரியா அவரை நிறுத்தி என்னமோ கேட்டாள். அவர் விரலை மடக்கி என்னமோ சொன்னார். அவள் செல்போனில் குறித்துக்கொண்டாள். பெண் நாற்காலி வாடகையைக் குறைக்காமல் பேசுகிறாள் என்று தினகரனுக்குப் பெருமையாக இருந்தது.

கிருஷ்ணப்பிரியா அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்ப் செய்கிற கம்பெனியில் தரம் பார்க்கிற பிரிவில் இருந்தாள். தினமும் போய்வர ஒரு ஸ்கூட்டர். அதற்கு விபூதியும் கிடையாது, எலுமிச்சம்பழமும் கிடையாது. அதே கம்பெனியில் வேலை பார்க்கிற அசோக்குக்கு அவளைப் பிடித்திருந்தது. அவளுக்கும் அப்படியே. அசோக்குக்கு ஆவடி பக்கம் முத்தாபுதுப்பேட்டை. ஆவணி பிறந்ததும் அவன் அப்பா இளங்கோவும் அம்மாவும் பெண் பார்க்க வந்தார்கள்.

இளங்கோ அதிகம் பேசாத மனிதர். முப்பத்தைந்து வருஷம் ஆவடியில் ராணுவ டாங்கி செய்கிற இடத்தில் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். டாங்கிச் சத்தத்தில் பேசிப் பிரயோஜனமில்லை என்று பேச்சையே விட்டுவிட்டவர் போலிருந்தார். அவர் பேசாமலிருந்ததால் தினகரன் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினார்.

“எம் பொண்ணு எங்க போறாளோ, எங்க லட்சுமியும் அங்கதான் போவா. சீரா இந்தக் காரையே குடுக்குறேன். எட்டு வருசம். ஒரு நாளு படுத்ததில்ல. பானெட்டே தொறந்ததில்ல.”

இளங்கோ டீ தம்ளரைப் பாதி வழியில் நிறுத்தினார். அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி இது:

“ஆயில் மாத்தினது எப்போ?”

“மாத்துறதா?” தினகரன் நெஞ்சு நிமிர்ந்தது. “ஷோரூம்ல ஊத்தினாங்களே, அதே ஆயிலு! கை வெக்கல!”

“எட்டு வருஷமா?”

“எட்டு வருசமா!”

தம்ளர் மறுபடி வாய்க்குப் போகவேயில்லை. இளங்கோ எழுந்து வாசலுக்குப் போய் லட்சுமியைச் சுற்றி வந்தார். பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. போகும்போது, “எங்க ஊட்டுக்கு வரும்போது இந்த வண்டியிலயே வாங்க” என்றார்.

“ஆளு சொக்கிப் போய்ட்டாரு” என்றார் தினகரன் மனைவியிடம்.

“அப்பா, அவரு வாழ்நாளெல்லாம் இன்ஜின் பாத்தவரு” என்றாள் கிருஷ்ணப்பிரியா.

“அதாம்மா. நல்ல பொருளப் பாத்ததும் வாயடச்சிப்போச்சு.”

“வாயடச்சது அதுக்கில்லப்பா. அவரு இன்னும் சரின்னு சொல்லல. அசோக் சொன்னான். நீங்க அங்க போய் கை நனைச்சாத்தான் முடிவாம்.”

அந்தப் பக்கத்து வழக்கம் அது. பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போவார்கள். காபியோடு நிறுத்திவிட்டால், ஏதோ சரியில்லை, போய் வாருங்கள் என்று அர்த்தம். இலை போட்டுக் கூப்பிட்டு, இவர்களும் உட்கார்ந்து சோற்றில் கை நனைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி. அப்புறம் வானம் இடிந்தாலும் மாறாது. அந்த இலைக்காகக் கிருஷ்ணப்பிரியா இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. பக்கத்து அறையில் அவள் புரளும் சத்தம் தினகரனுக்குக் கேட்டது. அவர் உடனே எழுந்து போய் லட்சுமிக்கு ஒரு எலுமிச்சம்பழம் கூடுதலாகக் கட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பன்னிரண்டு மணிக்கு எமகண்டம் ஆரம்பம். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். பெண் வரக் கூடாது என்பதால் கிருஷ்ணப்பிரியா வீட்டில் இருந்தாள். காரில் தினகரனும் பூங்காவனமும். பின் சீட்டில் பழம், பூ, வெற்றிலை பாக்கு, குத்துவிளக்கு, விளக்குக்கு ஒரு லிட்டர் பஞ்சதீப எண்ணெய். உறவுக்காரர்கள் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள்.

டேஷ்போர்டில் விளக்கு ஜோராக எரிந்தது. வழியெல்லாம் அம்மா கூடவே வருகிறாள் என்று பூங்காவனம் பூரித்தாள். பருத்திப்பட்டு நெருங்கும்போது முன்பக்கத்திலிருந்து டொக்கு டொக்கென்று ஒரு சத்தம் கிளம்பியது.

“ஏங்க, உடுக்க சத்தம் கேக்கல?”

தினகரனுக்கும் கேட்டது. கார் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம் ஒன்று அவருக்கும் தெரியும். பக்திப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினார். உடுக்கை அடங்கியது. கொஞ்ச தூரத்தில் மறுபடி பாட்டையும் மீறிக்கொண்டு வந்தது. இன்னும் கூட்டினார். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பாட்டு உச்சத்தில் இருக்கும்போது லட்சுமி ஒருமுறை உதறினாள், இருமினாள், நின்றாள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

மணி பத்தே முக்கால். சாவியைத் திருகினார். விளக்கு எரிந்தது, வேறொன்றும் நடக்கவில்லை. தினகரனின் கழுத்தில் வேர்வை. வேனுக்குப் போன் போட்டால், காரைச் சீராகக் கொடுக்கிறேன் என்று சொன்ன வாய் என்ன ஆவது? ஆட்டோவில் போய் இறங்கினால் இளங்கோ என்ன நினைப்பார்? கிருஷ்ணப்பிரியா புரண்டு படுக்கும் சத்தம் காதில் கேட்டது.

பூங்காவனம் டேஷ்போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, நமக்குப் புத்தி இல்ல. ஒன்றர மாசமா எரியிது. நாம ஒரு சொட்டு ஊத்தினமா? எண்ணெ கேக்குதுங்க வெளக்கு.”

முப்பது வருஷ மெக்கானிக் சொன்னபோது ஏறாத விஷயம், பூங்காவனம் சொன்னதும் தினகரனுக்குப் பளிச்சென்று ஏறியது. ஆனால் எங்கே ஊற்றுவது? முதல்முறையாகப் பானெட்டைத் திறக்கத் தீர்மானித்தார். ஒரு நெம்புகோலை இழுத்தார். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தார், டிக்கி திறந்தது. மூன்றாவதை இழுத்தார்; சீட்டோடு பின்னால் மல்லாந்தார். பூங்காவனம் கீழே குனிந்து ஏதோ ஒன்றை இழுக்க, பானெட் டப்பென்று எழும்பியது. எட்டு வருஷத்து விபூதி பொலபொலவென்று உள்ளே கொட்டியது.

இருவரும் எட்டிப் பார்த்தார்கள். ஒட்டடை, இரண்டு காய்ந்த எலுமிச்சம்பழம், ஏதோ ஒரு ஜீவன் கட்டிய கூடு. நடுவில் ஒரு கறுப்பு மூடி. மூடியின் மேல் அதே விளக்கு! அதே மூக்கு, அதே சொட்டு!

“தாயே!” என்று பூங்காவனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எடம்கூட காட்டிட்டாங்க!”

மூடியைத் திருகி, வெற்றிலையைச் சுருட்டி வைத்து, ஒரு லிட்டர் பஞ்சதீப எண்ணெயையும் கடைசிச் சொட்டு வரை ஊற்றினார்கள். நல்லெண்ணெய், நெய், இலுப்பை, வேம்பு, விளக்கெண்ணெய், ஐந்தும் கலந்தது. கால்மணி நேரம் சூடு தணிந்த பிறகு சாவியைத் திருகினார். லட்சுமி முனகினாள். பிறகு, நம்ப மாட்டீர்கள், ஓடினாள்.

ஓடினாள் என்றால், புகைந்துகொண்டே ஓடினாள். ஆவடி செக்போஸ்ட்டில் நின்ற போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு வணங்கினார் என்று பூங்காவனம் பிற்பாடு சொன்னாள். கண் எரிந்து துடைத்துக்கொண்டிருக்கலாம். முத்தாபுதுப்பேட்டைத் தெருவுக்குள் கார் நுழைந்தபோது, எங்கேயோ கும்பாபிஷேகம் என்று ஜனங்கள் வெளியே வந்தார்கள். படையல் என்று நினைத்துக் காக்கைகள் வந்தன.

மணி பதினொன்றரை. கேட்டருகே இளங்கோ நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைத் துணி. ஆரத்தி எடுப்பதற்கு முன்னால் கை துடைக்கவா என்று தினகரன் யோசிக்கும்போதே இளங்கோ மூக்கை உறிஞ்சினார்.

“இன்னா, இன்ஜின்ல வட சுட்டுகினு வர்றீங்களா?”

“இல்லீங்க... வழியில கொஞ்சம் எண்ணெ கேட்டுது... ஊத்தினோம்.”

“இன்னா எண்ணெ?”

“பஞ்சதீபம்” என்றாள் பூங்காவனம் பெருமையாக. “சுத்தமானது.”

வேனில் வந்த உறவு, மாப்பிள்ளை வீட்டு உறவு, அக்கம்பக்கம் எல்லாம் சுற்றி நின்றது. இளங்கோ பானெட்டைத் தூக்கினார். உள்ளே கைவிட்டு நீளமாக ஒரு கம்பியை உருவினார். இன்ஜினில் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிற டிப்ஸ்டிக். அப்படி ஒரு கம்பி தன் காருக்குள் எட்டு வருஷமாக இருந்தது தினகரனுக்கு அப்போதுதான் தெரியும். இளங்கோ அதை வெள்ளைத் துணியில் துடைத்து, மறுபடி விட்டு உருவி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பிடித்தார். நுனியில், வத்தக்குழம்பு அடிப்பிடித்த மாதிரி ஒரு கரி. அதற்கு மேல் பளபளவென்று பஞ்சதீபம்.

“மாமா, மணியாவுது. பன்னெண்டுக்கு எமகண்டம்” என்றார் யாரோ ஒருவர்.

“எமன் பானெட்டுக்குள்ளயே உக்காந்துகினு கீறான். அவனுக்கு எதுக்குத் தனியா நேரம்?” என்றார் இளங்கோ.

அப்புறம் தினகரன் பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

“நான் பேசறது கம்மி. இன்னிக்கிப் பேசிடறேன். வண்டிய வெளிய கண்ணாடி மாதிரி வெச்சிகினு கீறீங்க. பொட்டு வெச்சி, பூ வெச்சி, பேரு வெச்சி. உள்ள வத்திப்போயி, செகப்பு வெளக்கப் போட்டுக் கத்தியிருக்கு. அதுக்குக் கற்பூரம் காட்டியிருக்கீங்க. சொல்லுங்க, உங்க ஊட்ல பொண்ண எப்படி வளத்திருப்பீங்கன்னு நான் யோசிக்கணுமா வேணாமா?”

தினகரன் தலை குனிந்தது. வாழ்க்கையில் முதல்முறை. உள்ளே சமையல் வாசனை வந்துகொண்டிருந்தது. யாரும் இலை போடவில்லை. ஒரு தட்டில் காபி தம்ளர்கள் வந்தன. அதைப் பார்த்ததும் பூங்காவனத்தின் கண் நிறைந்துவிட்டது.

அப்போதுதான் தெருமுனையில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. சத்தம் என்றா சொன்னேன்? அது சத்தமே இல்லை; வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி வந்து நின்றது. கிருஷ்ணப்பிரியா இறங்கினாள். வேன் வந்தும் கார் வரவில்லையே என்று அசோக் பதினொரு மணிக்கே போன் போட்டிருக்கிறான். வரக் கூடாத பெண் வந்துவிட்டாளே என்று உறவு முணுமுணுக்க, அவள் கால் வைக்கும் இடத்திலிருந்து நான்கு லிட்டர் இன்ஜின் ஆயில் கேனை எடுத்துக் கீழே வைத்தாள். சீட்டுக்கு அடியிலிருந்து ஆயில் ஃபில்டர், ஸ்பேனர், ஒரு பழைய துணி.

“ஏதுமா இதெல்லாம்?” என்றார் தினகரன்.

“இக்னேஷியஸ் அண்ணன் எழுதிக் குடுத்ததுப்பா. மூணு வாரமா வண்டியில வெச்சிகினு சுத்துறேன். நீதான் கிட்டயே சேக்க மாட்டேன்ற.”

இளங்கோ அவளைப் பார்க்கவில்லை. ஸ்கூட்டரைச் சுற்றி வந்தார். அணைத்த இன்ஜினில் காதை வைத்தார். எதற்கென்று அவருக்குத்தான் தெரியும்.

“கடைசியா எப்போ ஆயில் மாத்தின?”

“ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்கு முன்னாடி, அங்கிள்.”

“நடுவுல செக் பண்ணுவியா?”

“ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம, அங்கிள்.”

இளங்கோ வெள்ளைத் துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“இன்னா அங்கிளு? மாமான்னு சொல்லு.”

கூட்டத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. காபித் தட்டு வந்த வழியே உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து வாழை இலை அலசும் சத்தம் கேட்டது. தினகரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பட்டு வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார்.

“எங்க போறீங்க?” என்றார் இளங்கோ.

“கை நனைக்க...”

“நனைக்கணும். கண்டிப்பா நனைக்கணும். மொதல்ல இங்க.” அவர் விரல் காருக்கு அடியைக் காட்டியது.

அந்தத் தெருவில் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். தொண்ணூறு கிலோ தினகரன் ஒரு கோணிச் சாக்கைப் போட்டு மல்லாந்து படுத்து, சில்க் சட்டையோடு லட்சுமிக்கு அடியில் புகுந்தார். கால் மட்டும் வெளியே. இளங்கோ வெளியிலிருந்து கட்டளை போட, கிருஷ்ணப்பிரியா ஸ்பேனரை நீட்ட, அசோக் கீழே அலுமினிய அன்னக்கூடையைத் தள்ளினான். அதன் அடியில் ‘தினகரன் வாடகைப் பாத்திரக் கடை’ என்று பொறித்திருந்தது. போன வருஷக் கல்யாணம் ஒன்றில் காணாமல் போனது.

நட்டு கழன்றது. முதலில் பஞ்சதீபம் வந்தது, கையைச் சுட்டுக்கொண்டு. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. என்ன ஆயிற்றென்று தினகரன் விரலை விட்டுக் குடைந்தார். எட்டு வருஷமும் ஒட்டுமொத்தமாக இறங்கியது. அதை ஆயில் என்று சொல்லக் கூடாது. ரோடு போடுகிறவர்கள் பார்த்திருந்தால் விலை பேசியிருப்பார்கள். முழங்கை வரை, மோவாய் வரை, மீசையிலும் கொஞ்சம்.

“நனைஞ்சுதா?” என்றார் இளங்கோ.

“நனைஞ்சுதுங்க, சம்பந்தி!” காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்குத் தட்டு மாற்றினார்கள். சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எதற்கும் மசியாத கையால் தினகரன் வெற்றிலையை எடுத்துக் கொடுத்தார். வெற்றிலையில் அவருடைய பத்து விரல் ரேகையும் கறுப்பாக விழுந்தது. பத்திரப் பதிவிலே கூட அவ்வளவு தெளிவாக விழாது. பிறகு இலையில் உட்கார்ந்து அதே கையால் சாப்பிட்டார். சாம்பார் இன்ஜின் வாசனை அடித்தது. மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவும்போது இளங்கோ பக்கத்தில் வந்து நின்றார். “சம்பந்தி, பொண்ணு வரட்டும். கூடவே ஸ்கூட்டர் வரட்டும். லட்சுமி உங்க கூடவே இருக்கட்டும்.”

இன்ஜின் பிழைத்துக்கொண்டது, கொஞ்சம் கனைக்கும், அவ்வளவுதான். ஆனால் புது ஆயில் உள்ளே போனதும் டேஷ்போர்டு விளக்கு குளிர்ந்துவிட்டது. அடுத்த வெள்ளிக்கிழமை கற்பூரத்தோடு வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள். எரிகிற விளக்கை அணைத்துவிட்டான் பாவி என்று தெருவே பேசியது. “மலையேறிட்டாங்க” என்று பூங்காவனம் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

தினகரன் மட்டும் ஆளே மாறிப்போனார். காலையில் பல் விளக்குமுன் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்க்கிறார். தன்னுடையதைப் பார்த்துவிட்டு மிச்சமுள்ள இருபத்தொன்றையும் பார்க்கிறார். “எப்பய்யா ஆயில் மாத்தின?” என்று அவர் கேட்டுக்கொண்டே வருவதைக் கண்டால் ஜனங்கள் காரை விட்டுவிட்டு பஸ்ஸில் போகிறார்கள். எட்டு வருஷமாக இன்ஜினைப் பார்க்காதவர், இப்போது அதில் ஆயிலைத் தவிர வேறொன்று இருப்பதாக நினைப்பதேயில்லை.

ஐப்பசியில் கந்த சஷ்டி. அன்று சாயங்காலம் கல்யாணப் புடவை எடுத்துக்கொண்டு பூந்தமல்லியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். அதே சிக்னல். பூங்காவனம் அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏங்க, பாருங்க! பாருங்களேன்!”

விளக்கு இருந்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று சிவப்பாக எரிந்தது. நட்டநடுவில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கோல். கீழே அலை அலையாகத் தண்ணீர்.

“வேலுங்க! கடல் தண்ணியில வேலு நிக்கிது! அம்மா போயி புள்ளைய அனுப்பியிருக்காங்க! சஷ்டியும் அதுவுமா!”

தினகரனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையும் பாதி தூரம் தானாகவே எழும்பிவிட்டன. நகக்கண்களில் இன்னும் போகாத கறுப்பு சிக்னல் வெளிச்சத்தில் மின்னியது. பாதி கும்பிட்ட கைகளை அவர் ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பானெட்டின் இடுக்கிலிருந்து மெல்ல ஆவி எழும்பியது.

“பூங்காவனம்,” என்றார், கைகளை ஸ்டியரிங்கில் இறக்கிவைத்து. “அந்தப் பெட்டியத் தொற. ஜாதகத்துக்குக் கீழ ஒரு புஸ்தகம் கீது பாரு. உறையக் கிழி.”